முந்நூற்றுப் பதினேழாம் எண்

"ஏய், உன் நம்பர் முந்நூத்திப் பதினேழுதானே?"

கேண்டீன் வாசலில் வழிமறித்துக் கேட்டவளுக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர். வகுப்புப் பிரதிநிதி. அலுவலகத்தில் ஒரு தாள் அசைந்தாலும் அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒலிபரப்பிவிடுவாள்.

"ஆமா. ஏன்?"

"பதறாதே. முதல்ல உக்காரு."

உட்காரச் சொன்னதிலேயே அந்த எண்ணுக்குரியவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அட்டெண்டன்ஸ் பத்தாதவங்க லிஸ்ட் டைப் ஆயிடுச்சு. இப்பதான் என் கண்ணால பார்த்தேன். புள்ளியியல் முதல் பீரியட்ல மொத்தம் ஆறு நம்பர். அதுல உன்னோடதும் இருக்கு. ஆறு பேரும் இந்தத் தடவை பரீட்சை எழுத முடியாதாம். மூணு மணிக்கு போர்டுல ஒட்டிடுவாங்க."

ஒட்டிவிடுவார்கள். யார் ஒட்டுவார்கள் என்று ரேடியோ சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தக் கல்லூரியில் பேருந்து ஓட்டுநர்கள் காலை நடை முடிந்து மாலை நடை தொடங்கும்வரை சும்மா இருப்பதில்லை. ஒருவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், இன்னொருவர் தபால் கொண்டு போவார். அறிவிப்புப் பலகைகளில் தாள் ஒட்டும் வேலை இரண்டு வருடமாக மூன்றாம் நம்பர் வண்டி ஓட்டுநருடையது.

அவர் அவளுடைய அப்பா.

பட்டியலில் பெயர்கள் இருக்காது, எண்கள் மட்டும்தான் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு மறைப்பு. அவளுக்கு அந்த மறைப்பும் இல்லை. கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்த எண்ணை அப்பா தன் இருக்கைக்கு மேலே, வெயில் மறைக்கும் அட்டையின் உட்புறத்தில் நீல மையால் எழுதி வைத்துவிட்டார். 317. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அட்டையை ஒருமுறை இறக்கிப் பார்ப்பார். சாமி படம் வைக்க வேண்டிய இடத்தில் என் நம்பரை வைத்திருக்கிறாரே என்று அவள் ஒருகாலத்தில் கூச்சப்பட்டதுண்டு. மூன்று மணிக்கு அதே எண்ணைத் தன் கையாலேயே பலகையில் ஒட்டப் போகிறார்.

எப்படி வந்தது இந்தக் கதி? இதுவரை நடந்த அறுபது வகுப்பில் நாற்பத்தைந்து போதும். அவள் மட்டம் போட்டது பதின்மூன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்து, புள்ளி வைத்து, பயந்து பயந்துதான் மட்டம் போட்டாள். இன்னும் இரண்டு நாள் மீதம் இருக்க வேண்டுமே!

மட்டம் போட்டு ஊர் சுற்றியவள் அல்ல அவள். அந்தப் பதின்மூன்று நாளும் நூலகத்தின் பின்னறையில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே, கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டு உட்கார்ந்திருந்தாள். காரணம் கரும்பலகை. செவ்வாயும் வியாழனும் புள்ளியியல் மேடம் எண் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வார். பருவத்தின் முதல் வாரத்தில் "முந்நூற்றுப் பதினேழு" என்று கூப்பிட்டார். போனாள். தெரிந்த கணக்குதான். சாக்பீஸை அழுத்திப் பிடித்து இரண்டாக உடைத்து, ஒரு வரிகூட எழுத முடியாமல் நின்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"விடுங்க மேடம். அவங்க வீட்லயே எல்லாருக்கும் முப்பதுதான் ஸ்பீடு!"

வகுப்பே சிரித்தது. முப்பது என்பது அப்பாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், வேகம் காட்டும் முள்ளைத் தாண்ட விடமாட்டார். "முப்பதண்ணே, பக்கத்துல சைக்கிள் நம்மள முந்துது!" என்று கத்துவார்கள். "முந்தட்டும்யா, அது முன்னாடி போய் நமக்கு இடம் பிடிச்சு வைக்கும்" என்பார் அவர். அன்று வகுப்போடு சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எந்த மகளால் சொல்ல முடியும்?

கொடுமை என்னவென்றால், நூலகர் ஒருநாள் அப்பாவிடம், "உங்க பொண்ணு காலையிலேயே லைப்ரரிக்கு வந்துடுறா, என்ன ஆர்வம்!" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை வீடு திரும்பும்வரை அப்பாவின் முகத்தில் சிரிப்பு மறையவே இல்லை.

மணி இரண்டே முக்கால். குளிர்காலம் என்று பெயர்தானே தவிர, அந்த வேளைக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். அவளுக்கு மட்டும் உள்ளங்கை இரண்டும் சில்லிட்டிருந்தன. முதல் மாடித் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

அப்பா அங்கேதான் இருந்தார். பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பசை டப்பாவில் பிரஷைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, குடுங்க. நான் ஒட்டுறேன்."

"உனக்குக் கிளாஸ் இல்லியா பாப்பா?"

"இல்ல... குடுங்கப்பா."

"கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். தள்ளு."

ஒட்டிவிட்டார். சுருக்கம் விழாமல் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் நீவினார். ஓர் எண், இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது எண்ணில் கை நின்றது.

திட்டுவார் என்று நினைத்தாள். அறைந்தால்கூடத் தாங்கிக்கொள்வாள். அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"தப்பா அடிச்சிருக்காங்க. வா, மேடத்தைப் பார்க்கலாம்."

"அப்பா, வேண்டாம்ப்பா..."

"பயப்படாதே. நான் இருக்கேன்ல?"

அவர் இருப்பதுதானே அவளுக்குப் பயம்!

துறைத் தலைவர் அறைக்குப் போனார்கள். துறைத் தலைவரும் அதே புள்ளியியல் மேடம்தான். வருகைப் பதிவேட்டைத் திறந்து விரலால் காட்டினார்.

"இருபத்திரண்டு நாள் ஆப்சென்ட். தேதி வாரியா இருக்கு, நீங்களே பாருங்க டிரைவர்."

இருபத்திரண்டா! அவளுக்கே தலை சுற்றியது. பதின்மூன்று எப்படி இருபத்திரண்டாகும்?

அப்பா மேல்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வண்டி எத்தனை மணிக்குக் கல்லூரி வாசலைத் தொட்டது என்று நாள்தோறும் அதில் எழுதுவார். இரண்டு நிமிடத் தாமதத்தையும் மறைக்கமாட்டார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"மேடம், இதுல ஒன்பது நாள் பனி நாள். ஏரிக்கரை ரோட்டுல கண்ணே தெரியல. வண்டி ஒன்பது பத்து, ஒன்பதே காலுக்குத்தான் வந்துச்சு."

"இருக்கட்டும். ஒன்பதுக்கு நான் அட்டெண்டன்ஸ் எடுத்துடுவேன். ஆனா, வண்டி லேட்டானா வண்டியில வந்தவங்க லிஸ்ட்டை நீங்கதானே ஆபீஸ்ல குடுக்குறீங்க? அதை வச்சு மத்தவங்களுக்கெல்லாம் திருத்தியாச்சே." ஒரு கோப்பைப் பிரித்தார். "இதோ உங்க கையெழுத்து. நாற்பத்தொரு பேர். ஒன்பது நாளும் நாற்பத்தொரு பேர். இதுல முந்நூற்றுப் பதினேழு எங்க இருக்கு?"

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அது... பஸ் பாஸ் வச்சிருக்கிற பிள்ளைங்க லிஸ்ட் மேடம். பாஸைப் பார்த்துதான் எழுதுவேன். இவளுக்கு ஏது பாஸ்? இவ என் பொண்ணாச்சே..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் பாதியில் அறுந்தது. ஊரார் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரை ஒருவர் விடாமல் எழுதிய கை, முதல் சீட்டில் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சொந்த மகளை எழுத மறந்திருக்கிறது! ஒருநாள் இல்லை, ஒன்பது நாள்.

"என் தப்புதான் மேடம். பிள்ளை மேல ஒண்ணும் இல்ல. என்ன தண்டனைனாலும் எனக்குக் குடுங்க."

மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, ஒன்பதைத் திருத்திடலாம். மீதி பதின்மூன்று?"

"அதுவும் என் தப்பாத்தான் இருக்கும். தினம் நான்தானே மேடம் இறக்கிவிடுறேன்? ஒருநாள்கூட தவறினதில்ல."

"அப்படியா? அப்ப இருபத்திரண்டு நாளும் வகுப்புக்கு வந்தாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பார்த்துக்கறேன்."

வெள்ளைத் தாளும் பேனாவும் அவர் முன்னால் வந்தன. மேடத்தின் பார்வை மட்டும் அவள்மேல் இருந்தது.

ஒன்பது நாள் திருத்தினாலே நாற்பத்தேழு, பரீட்சை எழுதிவிடலாம். அது அவளுக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். அப்பாவுக்குக் கணக்கு ஓடவில்லை. அவர் அந்த எழுத்தில்தான் மகளின் உயிர் இருக்கிறது என்று நம்பி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பசை காய்ந்த விரல்கள். இரண்டு நிமிடத் தாமதத்தைக்கூட மறைக்காத விரல்கள். இப்போது தெரியாமலேயே பதின்மூன்று பொய்க்குக் கையெழுத்துப் போடப் போகின்றன.

வாயைத் திறக்காவிட்டால் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கடைசிவரை தெரியாது. லைப்ரரி, ஆர்வம், அந்தச் சிரிப்பு, எல்லாம் அப்படியே இருக்கும்.

கரும்பலகை முன் நின்ற அதே பயம், அதைவிடப் பத்து மடங்கு.

"எழுதாதீங்கப்பா."

பேனா நின்றது.

"அந்தப் பதிமூணு நாளும் நான் கிளாஸுக்குப் போகல. போர்டுல கூப்பிடுவாங்கன்னு பயந்து... லைப்ரரியில ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"லைப்ரரியிலயா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். பேனாவை மெதுவாக மூடி, மேடத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேடம் பதிவேட்டில் ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். "நாற்பத்தேழு. எழுதலாம். ஆனா நாளைக்கு வியாழக்கிழமை. முதல் கணக்கு உனக்குத்தான்."

அன்று மாலை வண்டி முப்பதில்கூடப் போகவில்லை. "என்னண்ணே, இன்னிக்கு இருபத்தஞ்சா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் கண் சாலையிலேயே இருந்தது. வீட்டில், "அப்பனும் மகளும் ஏன் இப்படி உம்முன்னு இருக்கீங்க? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள். திட்டாத அப்பாவைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் பால் கொட்டியதுபோல் பனி. வண்டி வாசலைத் தொட்டபோது ஒன்பது எட்டு. பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். அவள் கடைசியாக இறங்கப் போனபோது அப்பா தாமதப் பட்டியலை நீட்டினார்.

"போற வழியில ஆபீஸ்ல குடுத்துடு."

நாற்பத்தொரு எண்களுக்குக் கீழே, நீல மையில், மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக 317.

"அப்பா..."

"எங்கிட்ட ஏன் சொல்லல பாப்பா?"

"உங்களைச் சொல்லிச் சிரிச்சாங்கப்பா. முப்பதுன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அட, அதுக்கா? என்னை என் மூஞ்சிக்கு நேராவே அப்படித்தானே கூப்பிடுறாங்க?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போ. நான் வண்டியை ஷெட்டுக்கு எடுக்கல. முதல் பீரியட் முடியுறவரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்றார்.

"முந்நூற்றுப் பதினேழு" என்று மேடம் கூப்பிட்டார். பயம் போகவில்லை; ஆனாலும் எழுந்து போனாள். பின் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாக்பீஸை எடுத்தாள். முதல் வரியை எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. இரண்டாவது வரிக்கு முன், ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பனி விலகி நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் மூன்றாம் நம்பர் வண்டி நின்றிருந்தது. இரண்டு நிமிடத் தாமதத்தைக்கூட மறக்காமல் எழுதும் அந்த ஓட்டுநர், முகப்பு விளக்குகளை அணைக்க மறந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி இரண்டாவது வரியை எழுதினாள்.