கழிவுநீர்க் குழாய்க்கு அடுத்தது நான்

எங்கள் கட்டிடத்தின் எல்லாத் தபால்பெட்டிக்குள்ளும் என் முகம் கிடக்கிறது, எங்கள் பெட்டியைத் தவிர. கெமைண்டே, அதாவது எங்கள் ஊராட்சி, கூட்டம் வைப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் புத்தகம் அடித்து வாக்குரிமை உள்ளவர்களுக்கு அனுப்பும். இந்த முறை அதில் புதுக் கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு பக்கம், அடுத்த பக்கத்தில் நான். படம், பிறந்த இடம், படிப்பு, வேலை, இவரைச் சுவிஸ் குடிமகளாக்கலாமா என்ற கேள்வி. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாக்கில்லை, அதனால் புத்தகமும் இல்லை. கீழ்வீட்டு ஃப்ராவ் மோசர் படிக்கட்டில் என்னை மறித்து, குழாய்க்கு அடுத்தது நீதானே என்றார். சத்தியமாகத் துணி துவைக்கும் முறையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு எங்களுடைய முறை, சாவி என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் அட்டவணையைப் பாருங்கள் என்று ஒரு பிடி பிடித்துவிட்டேன். பாவம், மனுசி வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது விளங்காது. இந்த நாட்டு அடுக்குமாடிகளில் துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள் இருப்பது குறைவு. நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அதுதான் கட்டிடத்தின் பாராளுமன்றம். போன குளிர்காலத்தில் நான் உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சை விட்டுவிட்டுப் போனதாக ஃப்ராவ் மோசர் கதவில் ஒரு காகிதத் துண்டில் எழுதி ஒட்டினார். அது எனக்கு முன்னால் துவைத்தவர்களின் பஞ்சு. வீட்டு விதிகளை எடுத்துக்கொண்டு கீழே போய், எந்தப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே வாசித்துக் காட்டினேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா என்னை மேலே இழுத்துப் போனார். அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் ஒருவரிடமும் வாய் காட்டியதில்லை. "குடியுரிமைக்குப் போட்டிட்டு ஆரோடையும் கொழுவாதை பிள்ளை, இதெல்லாம் மனசுக்குள்ள வைச்சிருப்பினம்" என்றார்.

நான் ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டேன்? நாட்டுப்பற்று என்று நேர்முகத்தில் சொன்னேன். உண்மையான காரணத்தின் பெயர் தாரணி. என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், என் வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே வருடம் வெளிக்கிட்டது. நாங்கள் இங்கே, அவர்கள் அமெரிக்கா. அங்கே அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே குடிமகளாகிவிட்டாள். அதே காலத்தில் என் வகுப்பு ஏரிக்கரையால் எல்லை தாண்டி ஜெர்மனிக்குச் சுற்றுலா போனது. எங்கள் தற்காலிக வதிவிட அனுமதி அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. அன்று முழுக்க என்னைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உட்கார வைத்தார்கள், நான் பூசணிக்காய்க்கு நிறம் தீட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தாரணி நீல நிறப் பாஸ்போர்ட்டைக் கன்னத்தோடு வைத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் அயோவாவில், ஆரும் போக விரும்பாத ஒரு கவுண்டியில் மருந்துக்கடை நடத்துகிறாள். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. காரின் முன்பக்கத்தில் போனைக் கொழுவிவிட்டு எனக்குக் காட்டிக்கொண்டே ஓடுவாள். "இஞ்ச பார், எங்கட கவுண்டி. ஒரு மேடு தெரியுதோ? உங்கட ஊர் மாதிரி எத்தினையை இதுக்குள்ள போட்டுக் குலுக்கலாம்." மேடே இல்லைத்தான். அடிமட்டம் வைத்துக் கீறியது போலத் தெருக்கள், சோளம், சோயா, பன்றிக் கொட்டில்கள், மேற்கு எல்லையில் மண்நிறத்தில் ஓர் ஆறு, நடுவில் ஒரு சின்ன நகரம், அதன் நடுவில் நீதிமன்றம். இளசுகள் படிக்கப் போனால் திரும்பி வருவதில்லை. இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கிவிட்டார்கள். இறைச்சித் தொழிற்சாலை இருப்பதால் குவாத்தமாலாக்காரரும் கொங்கோக்காரரும் வந்து ஊருக்கு மூச்சுக் கொடுக்கிறார்கள். வயல் பக்கம் ஒரு கட்சி, நீதிமன்றத்தைச் சுற்றி மற்றக் கட்சி, காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டுக்கும் சண்டை. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? பொறாமைதான். அவர்களின் கூட்டங்களை இணையத்தில் போடுகிறார்கள். எங்கள் ஊரில் மழை பெய்கிறதா என்று ஜன்னலால் பார்க்கும் முன் அவளுடைய கவுண்டியில் பெய்கிறதா என்று போனில் பார்க்கிறவள் நான்.

நேர்முகத்தில் என்னிடம் கேட்டதும் இதேதான், ஆனால் எங்கள் ஊருக்கு. வடக்கே யூரா மலை, தெற்கே ஆரே ஆறு, ஓல்டன் பக்கம் போகிற ரயில், அணுமின் நிலையத்தின் ஆவி எந்தத் திசையில் தெரியும், பழைய ஊரில் எந்தக் கட்சி, ஸ்டேஷனடி அடுக்குமாடிகளில் எந்தக் கட்சி. ஒன்றிலும் பிழை விடவில்லை. எல்லாம் சொன்னேன், ஒரு தடவைகூட "எங்கட" என்று வாயில் வரவில்லை. தாரணிக்கு அந்தச் சொல் கார் ஓட்டும்போது தானாக வருகிறது. போன தேர்தலில் கவுண்டிச் சபைக்கு நின்று வென்றும் விட்டாள். எதிர்த்து நிற்க ஆளில்லை. அங்கே ஆள் போதாமல் அவளுக்குச் சபையில் கதிரை கிடைக்கிறது. இங்கே கதிரை நிறைய அடுக்கி வைத்துவிட்டு நான் ஆளா என்று யோசிக்கிறார்கள்.

கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில். வாக்குரிமை அட்டையைக் காட்டினால் நடுவில் இருக்கலாம். மற்றவர்களுக்குச் சுவரோரம், பிள்ளைகள் ஏறி விளையாடும் மரச்சட்டங்களுக்குக் கீழே, விருந்தினர் கதிரைகள். அப்பாவுக்கு வேலை, நான் தனியாகப் போனேன். குழாய் சுலபமாக வென்றது. பிறகு ஊராட்சித் தலைவர் என் பெயரைத் தடக்கித் தடக்கி வாசித்தார். வயல் வைத்திருக்கும் ஒரு கமக்காரர் எழும்பி, இந்தப் பிள்ளையைத் தீயணைப்புப் படையிலோ ஊர்க் கழகங்களிலோ தான் கண்டதில்லையே, இவர் ஊரோடு சேர்ந்து வாழ்கிறாரா என்று கேட்டார். எனக்கு வாயில் பதில் துடித்தது. ஆனால் அது பேசும் நேரமில்லை, வெளியேறும் நேரம். தன்னைப் பற்றி முடிவெடுக்கும்போது ஆள் மண்டபத்துக்குள் இருக்கக் கூடாது.

வெளியே நடைவழியில் பிள்ளைகளின் பைகள் கொழுவிக் கிடந்தன. தாரணிக்குப் போன் எடுத்தேன். அங்கே மத்தியானம், மருந்துக்கடையில் நின்றாள். உள்ளே என்னை வைத்துக் கதைக்கிறார்கள், உனக்கென்ன, உனக்கு எல்லாம் சும்மா கிடைத்தது என்று கொட்டித் தீர்த்தேன். அவள் கடையின் பின்பக்கம் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சும்மாதான்டி கிடைச்சது. எனக்கெதிரா நிக்க ஒரு சனமும் வரேல்லை. அவை என்னைத் தெரிஞ்செடுக்கேல்லை, மிஞ்சினது நான்தான். இவள் ஆர், எங்கயிருந்து வந்தவள் எண்டு ஒருத்தரும் கேக்கவுமில்லை. உன்னை வைச்சு ஒரு மண்டபமே அடிபடுது. எனக்கு எரியுது, தெரியுமோ?"

பதில் சொல்லும் முன் உள்ளே மண்டபம் முழுக்கச் சிரித்தது. கதவு பூட்டியிருந்தது. என்னைப் பார்த்தா சிரிக்கிறார்கள், எனக்காகவா, ஒன்றும் தெரியாது. போனை வெட்டாமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தார்கள். கைதட்டல். பெரும்பான்மை தெளிவு என்றார் தலைவர். சுவரோரம் போகும் வழியில் ஃப்ராவ் மோசர் என் முழங்கையைப் பிடித்து, தான்தான் எழும்பிப் பதில் சொன்னதாகக் குசுகுசுத்தார். அவருடைய சுவிஸ் ஜெர்மனை எங்கள் தமிழில் போட்டால் இப்படி வரும்: "ஊரோட சேர்ந்து வாழுறாளோ எண்டோ கேக்கிறியள்? வீட்டு விதியைக் கொண்டுவந்து, பஞ்சுக்காக என்னோட அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சவள். இதுக்கு மேல என்ன சுவிஸ் வேணும் உங்களுக்கு?" அப்பா காலமெல்லாம் பொத்தி வைக்கச் சொன்ன வாய்தான் என்னை உள்ளே எடுத்திருக்கிறது.

ஆனால் உள்ளே என்றால் இன்னும் உள்ளே இல்லை. மாநிலமும் தலைநகர் பேர்னும் சம்மதிக்க வேண்டும், அதுவரை மரச்சட்டத்துக் கதிரைதான். அடுத்த விடயம், நடுச்சாமத்துக்குப் பிறகு தெருவிளக்குகளை அணைப்பதா. ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவால்தான் அப்பா கடைசி ரயிலில் வந்து நடக்கிறார். அணைக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். என் கை மேலே போய்விட்டது. நான் அனுப்பவில்லை. விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்த மனிதர் என்னிடம் வந்ததும் ஒரு கணம் நின்று, சிரித்து, தலையை மெல்ல ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நடுவில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டபடியே கை தூக்கியிருந்தார்கள். கொட்டாவியோடு தூக்கினாலும் எண்ணப்படுகிற கைகள். அவர்களைப் பார்க்க எனக்கு வந்த பொறாமை தாரணிமேல்கூட வந்ததில்லை. மற்றக் கையில் போன் இன்னும் வெட்டுப்படாமல் கிடந்தது, அதற்குள் சோளக்காட்டு நடுவிலிருந்து அவள், என்னடி நடந்தது, என்னடி நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிய கையை நான் இறக்கவில்லை.