அமலி திறந்து வைத்த முகத்துவாரம்

உச்சிப்புளியில் என் வீட்டுக்கு மேலே கடற்படை விமானம் ஒன்று தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தோணியின் போன் வந்தது. அவர் சொன்னது அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று வழக்கம்போல் எரிந்து விழுந்தேன். பாவம், தன் தங்கை இறந்துபோன செய்தியை அந்த மனிதர் இரண்டாவது முறை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

அமலோற்பவம் போய்விட்டாள். அலுவலகத்தில் எங்களுக்கு அவள் அமலி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக மதுரை ஆஸ்பத்திரிக்கும் மாரியூர்ப் பக்கத்துக் கடற்கரையில் இருக்கும் தன் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தாள். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவளோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், போனில் அவள் குரலை மட்டும் கேட்டு, இந்தப் பெண் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறாள் என்று சலித்துக்கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிழைப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பம்பு, குழாய், கப்பலின் அடிப்பகுதி, கடற்கரை என்று பெரிய கம்பெனிகள் வடிவங்களை ஃபைலாக அனுப்புவார்கள். அதில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட வேண்டுமானால், முதலில் அந்த வடிவத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கு மெஷ் என்று பெயர். ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் இறக்கும்போது எதுவும் ஒழுங்காக வந்து சேராது. ஓரங்கள் ஒட்டாமல் நிற்கும். ஒரே பரப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கிடக்கும். கண்ணுக்கே தெரியாத ஊசிமுனை முக்கோணம் ஒன்று எங்கோ மாட்டிக்கொண்டு முழு வேலையையும் நிறுத்தும். இப்படிப்பட்ட இடங்களை மென்பொருள் சிவப்புக் கோடாகக் காட்டும். அந்தச் சிவப்பை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் இங்கே வந்தும் வலைதான் பின்னுகிறாள் என்று, அவள் சேர்ந்த முதல் வாரமே ஆளுக்கொரு முறை சொல்லித் தீர்த்தோம். அவள் ஒரு முறையும் சிரிக்கவில்லை. இதைவிட நல்லதாக ஏதாவது யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. சிவப்புக் கோடுகளைத் தானாகவே சரிசெய்ய மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. எவ்வளவு அகலம்வரை உள்ள இடைவெளியை அடைக்கலாம் என்று ஓர் அளவைக் கொடுத்துவிட்டால் போதும், அது அடைத்துக்கொண்டே போகும். அடைபடவில்லையென்றால் அளவைக் கூட்டு. இதுதான் என் தொழில் ரகசியம். ஒருமுறை ஒரு பம்பின் வெளிக்கூடு வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. நான் அளவைக் கூட்டிப் பொத்தானை அழுத்தினேன், திரை துடைத்துவிட்டது போல் ஆனது. பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த அமலி, அடியில் இருந்த சின்னத் துளை எங்கே என்று கேட்டாள். மிச்சத் தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே வைத்த துளை. அதையும் சேர்த்து அடைத்திருந்தேன்.

"மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே. ஓட்டைன்னா அடைக்கும். அது உடைஞ்சு வந்ததா, இல்ல அதோட அமைப்பே அப்படித்தானான்னு நாமதான் பாக்கணும்" என்றாள்.

அவள் வேலை செய்த விதமே அதுதான். பொத்தான் பக்கமே போகமாட்டாள். ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் பெரிதாக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஃபைலை அனுப்பியவருக்குப் போன் போடுவாள். அந்தப் பக்கம் இருப்பவர் பல்லைக் கடிப்பது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நான் நாலு ஃபைலை முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றில் பாதி தாண்டியிருப்பாள். எங்கள் முதலாளி என்னை மெச்சுவார், சிக்கலான ஃபைலை மட்டும் அவளிடம் கொடுப்பார்.

போன வருடம் ஒரு ஃபைல் வந்தது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டும் தடுப்பு, எங்கே போடலாம் என்று பார்ப்பதற்கானது. வேலையை எடுத்திருந்த வெளியூர்க் கம்பெனி மெஷ்ஷை மட்டும் எங்களிடம் கேட்டிருந்தது. திறந்து பார்த்தால் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு ஃபைலை நான் பார்த்ததில்லை. அமலியைக் கூப்பிட்டு, கும்பிட்டுக்கொள் என்று கேலி செய்தேன். அவள் படத்தை மெதுவாகத் திருப்பினாள். பிறகு நிறுத்தினாள்.

"இது எங்க ஊருண்ணே" என்றாள். இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "கழிக்குப் போற வாயக் காணோம்" என்றாள்.

அவள் ஊரின் மேற்குப் பக்கம் ஒரு கழி, அதாவது உப்பங்கழி, இருக்கிறது. கழி கடலோடு சேரும் முகத்துவாரம் ஒன்றும் உண்டு. மழைக்காலம் முடிந்தால் அதை மணல் மூடிவிடும். வைகாசியில், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஏறுவதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க, ஊரே மண்வெட்டியோடு போய் அதை வெட்டித் திறக்கும். அதன்பின் கச்சான் அடங்கும்வரை வள்ளங்கள் ராத்தங்கலுக்குக் கழிக்குள் வந்துவிடும். அந்தக் காற்றில் வள்ளத்தை வெளிக்கரையில் போட்டு வைத்தால் அலை அடித்துச் சில்லுச் சில்லாக்கிவிடும். ஃபைலில் இருந்ததோ சுற்றிலும் மணல் மூடிய ஒரு குளம்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். நேரில் போய் அளந்துதான் வரைந்திருக்கிறோம், மூடியிருந்தது, ஊர்க்காரர்களிடமும் கேட்டோம் என்றார்கள். அவள் நம்பவில்லை. அங்கேயே நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"பங்குனியில வந்தாய்ங்க. இது மூடியா இருக்குன்னு கேட்டாய்ங்க. மூடித்தான கெடக்குன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அந்தோணி. "வெட்டுறதப் பத்தி யாரும் கேக்கலையே தாயி."

வைகாசி வந்தால் வெட்டுவோம் என்பது அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வரும் என்பது போல. வந்தவர்களிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. அமலிக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அளந்தவர்கள் சரியாக அளந்திருக்கிறார்கள். அண்ணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஃபைலில் பிழை இல்லை.

கேட்டபடி, முகத்துவாரம் மூடிய மெஷ் ஒன்று கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் அமலி முகத்துவாரத்தைத் திறந்து வைத்து இன்னொன்று செய்ய ஆரம்பித்தாள். அப்போது ஊரில் வெட்டி முடித்திருந்தார்கள். அந்தோணி இரண்டு கரையிலும் நடந்து போன் மேப்பில் புள்ளி வைத்து அனுப்பினார். அந்தப் புள்ளிகளை இறக்கியதும் சிவப்பு மழை. மணல்பரப்பும் ஆழப்பரப்பும் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு, ஊசிமுனைகளாகத் துப்பின. வெளியே அவ்வளவு பெரிய கடலுக்குப் பெரிய கட்டம், இந்தச் சின்ன வாய்க்குச் சின்னக் கட்டம். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறாவிட்டால் கணக்கு பாதியில் வெடித்துவிடும், அதாவது எண்கள் தாறுமாறாகி நின்றுவிடும். அவளுக்கு நோய் என்று தெரிந்ததும் அந்த வாரங்களில்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, மடியில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு பரப்பாக அழித்து, கரைக்கோட்டைத் தன் கையாலேயே திரும்ப வரைந்தாள். கணக்கை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓட்டுவது என் வேலை. வெடித்துவிட்டது என்று நான் சொல்லும்போதெல்லாம், எந்த இடத்தில் என்று மட்டும் கேட்பாள். போதும் விடு என்று அவளைத் திட்டியிருக்கிறேன். மறுநாள் திருத்திய மெஷ் வந்து சேரும்.

கடைசியில் ஓடியது. வளைவை அவர்கள் குறித்த இடத்தில் போட்டால், முகத்துவாரத்தை எத்தனை முறை வெட்டினாலும் மணல் உடனே வந்து மூடும் என்று காட்டியது. கொஞ்சம் கிழக்கே தள்ளினால் தப்பிக்கும். வளைவே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருந்த ஊர் அது, வளைவு கேட்டு வருடக்கணக்காக மனுக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. கிழக்கே தள்ளுங்கள் என்றுதான் கேட்டாள். படங்களோடு கம்பெனிக்கு அனுப்பினாள். நன்றி, இது எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையில் அடங்காது என்று பதில் வந்தது. திரும்ப அனுப்பினாள். அதற்குப் பதிலே வரவில்லை. மழைக்காலம் கழிந்ததும் வளைவை முதலில் குறித்த இடத்திலேயே போடக் கல் லாரிகள் வந்தன. ஊரில் வெடி போட்டு வரவேற்றார்கள்.

இந்த வைகாசியில் வழக்கம்போல் வெட்டினார்கள். மறுநாள் மூடிவிட்டது. திரும்ப வெட்டினார்கள். அமலி அப்போது எழுந்து உட்காரவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம், திறந்துவிட்டது, வள்ளமெல்லாம் உள்ளே வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தோணி என்னைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான் சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"தெறந்திருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன்.

"தெரியும்ணே. தெறந்திருந்தா எங்கண்ணன் படம் அனுப்பியிருக்கும்" என்றாள். பிறகு, "தப்பாப் போயிரணும்னுதாண்ணே வேண்டிக்கிட்டேன். நான் போட்ட கணக்குல ஒண்ணுகூடவா தப்பா இருக்காது" என்றாள்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். கச்சான் கொடூரமாக அடித்துக்கொண்டிருந்தது. வெளிக்கரையில் உடைந்த வள்ளங்களின் பலகைகளை ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஆண்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்கள் தங்கை போட்ட கணக்கு என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று அந்தோணியிடம் கேட்டேன்.

"தெரியும் சார். மூடிரும்னுதான் சொல்லிட்டுப் போச்சு. அதுக்காக வள்ளத்த அலையில போட்டுட்டு வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார்.

எனக்கும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். விவசாயி வீட்டில் பிறந்தவன் என்று பெயர்தான், கை கொப்புளித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் கடல் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அந்தோணியின் வள்ளமும் இன்னும் சிலதும் அவசர அவசரமாக உள்ளே போயின. அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். விடிந்து போய்ப் பார்த்தபோது முகத்துவாரம் இல்லை. உள்ளே போன வள்ளங்கள் கடலுக்கு வர வழியில்லாமல் கழிக்குள் நின்றன. மற்றவை வெளிக்கரையில் அலையில் ஆடிக்கொண்டிருந்தன.  அமலி கணக்குப் போட்டு எடுத்த படம் என் போனில் இருந்தது, அதை எடுத்து அந்த இடத்தோடு ஒத்துப் பார்த்தேன். அவள் காட்டிய இடத்தில்தான் மணல் ஏறியிருந்தது.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அமலியிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன் என்று முடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அது பொய். எனக்குப் பொறுமை வரவில்லை. போன வாரம்கூட அளவைக் கூட்டிப் பொத்தானை அழுத்தினேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: அவள் போட்ட கணக்கு சரியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.