கை நடுங்கினால் மீன் கடிக்கும்

போன சனிக்கிழமை ஏரியில் ஐந்து மீன் பிடித்தேன்.

கோயமுத்தூரில் இருக்கும் என் சைவ உறவினர்கள் பதற வேண்டாம். ஐந்தையும் அப்போதே தண்ணீரில் விட்டாயிற்று. பதற வேண்டிய விஷயம் வேறு. அதற்கு முன்னால் ஜூலையிலிருந்து எத்தனையோ சனிக்கிழமைகள் அதே ஏரி, அதே படகு, அதே தூண்டில்... ஒன்றுகூட மாட்டவில்லை. போன வாரம் மட்டும் எப்படி மாட்டியது? அதைச் சொல்ல வேண்டுமானால் நான் வேலையில்லாமல் இருந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்கள் கவனித்திருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நான் வெந்தயக்கீரை வளர்ப்பது, இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு வார நாளில் தோசைக்கல் பழக்க ஏது நேரம் என்று யாராவது யோசித்தீர்களா? நேரம் இருந்தது. வேலைதான் இல்லை.

இங்கே அதற்கு 'பெஞ்சில் இருப்பது' என்று பெயர். ஏஜென்சிக்காரர்கள் நம்மை விசா போட்டுக் கூட்டி வருவார்கள். ஏதாவது ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே வேலை முடிந்தால் அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்ச். டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கதவைச் சாத்திய இந்த வருஷம் பெஞ்சில் உட்கார இடமில்லை. அவ்வளவு கூட்டம்.

எங்கள் ஏஜென்சியில் என் கேஸைக் கவனித்தவர் பாஸ்கர், மெட்ராஸ்காரர். ஒருநாள் பிளசன்டனில் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஜூன் கடைசிக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் ஏஜென்சியால் வைத்துக்கொள்ள முடியாது, விசாவும் போய்விடும், ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த சோபாவின் கைப்பிடியைத் தடவினார். ஒரிஜினல் லெதரா என்று கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கிளம்பறதா இருந்தா இத வேற யாருக்கும் ப்ராமிஸ் பண்ணிடாதீங்க."

எனக்கு வேலை தேடித் தர வேண்டியவர் என் சோபாவுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனார். சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கிற மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பது? கோயமுத்தூரில் என்ன வேலை கிடைக்கும்? என் மனைவி சுமதி பொள்ளாச்சிக்காரி, அழுகிற ரகம் இல்லை. சமையலறையில் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். எடுத்துப் போவது, விட்டுப் போவது. எந்தப் பக்கம் பெரிதாக இருக்கிறது என்று நான் பார்க்கவே மாட்டேன்.

பாஸ்கரிடம் ஒரு தாரக மந்திரம் உண்டு. இன்டர்வியூவில் எது கேட்டாலும் 'எஸ்'. நோ சொன்னால் அந்த நிமிஷமே கதவு மூடிவிடும். எஸ் சொல்லிவிட்டுப் புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். இங்கே வந்திருக்கும் நம் ஆட்களில் பாதிப்பேர் இந்த மந்திரத்தில்தான் பிழைக்கிறோம். வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் ஒரு இன்டர்வியூ வந்தது. மேனேஜர் பெயர் கேரி. ஆறடிக்கு மேல் உயரம், புஜம் ஒவ்வொன்றும் என் தொடை அளவு. அவர் அறைச் சுவர் முழுக்க அவரும் மீனும் சேர்ந்து எடுத்த போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் வேறு மீன், அதே சிரிப்பு. டேட்டாபேஸ் தெரியுமா என்றார். எஸ். ஜாவா? எஸ். நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, 'பாஸ்' என்கிற ஏரி மீனைப் பிடிப்பதுண்டா என்றார்.

எஸ்.

வேகமாக வந்த பஸ், ஸ்டாப்பில் நிற்காமல் போவதைப் போல அந்த எஸ் வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்னொருவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன், ஆனால் சனிக்கிழமை ஏரிக்கு வா, மிச்சத்தை அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார்.

வீட்டில் சொன்னபோது சுமதி நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங்க, மீன் மார்க்கெட்டு வழியாப் போனாலே மூக்கப் பொத்திக்குவீங்க. புடிச்ச மீன என்ன பண்ணுவீங்க?"

திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள், இங்கே அப்படித்தான் வழக்கமாம் என்றேன். லைப்ரரிப் புத்தகத்தில் படித்திருந்தேன்.

"திருப்பி வுடறதுக்கு எதுக்குங்க புடிக்கறாங்க?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

சனிக்கிழமை காலை லிவர்மோர் தாண்டி, மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் லைஃப் ஜாக்கெட்டைக் கார் நிறுத்துமிடத்திலேயே மாட்டிக்கொண்டேன். கேரி மெச்சினாற்போல் தலையாட்டினார். பாதுகாப்பில் அக்கறையுள்ளவன் என்று நினைத்திருக்கலாம்.

புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்தேனே தவிர, அன்றைக்குக் கேரி எடுத்து வைத்த சமாசாரம் அதில் இல்லை. ஜப்பானிலிருந்து வந்திருக்கும் புது முறையாம். தூண்டில் நரம்பின் அடியில் சின்ன ஈயக் குண்டு. அதற்கு ஒரு முழம் மேலே தூண்டில் முள். முள்ளில் கொத்தவரங்காய் அளவில் ஒரு ரப்பர் புழு. நிஜப் புழு இல்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

குண்டு ஏரியின் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நகரவே கூடாது. ஆனால் மேலே புழு மட்டும் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். கம்பின் நுனியைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆட்ட வேண்டும். கொஞ்சம் கூடினால் மீன் ஓடிவிடும். இரண்டு சீசனாக வீடியோ பார்த்துப் பழகியும் தனக்கு இது கைவரவில்லை என்று கேரி மனம் விட்டுச் சொன்னார்.

இடத்தை விட்டு நகரக் கூடாது, ஆனால் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெஞ்சில் இருப்பவனுக்கு இதைத் தனியாக வேறு சொல்லித் தர வேண்டுமா?

கேரி ஆட்டியபோது கம்பு ஆடியது, அவர் ஆடினார், படகு ஆடியது. பக்கத்தில் மிதந்த வாத்துகூட நகர்ந்து போனது. அப்புறம் என்னையும் போடச் சொன்னார். போட்டேன். குண்டு தரையைத் தொட்டது. என் நுனி சும்மாதான் இருந்தது. அப்போது அவர், ஏரியைப் பார்த்தபடியே, உன் போன புராஜெக்ட் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டார்.

இன்டர்வியூ ஆரம்பித்துவிட்டது!

பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. கம்பின் நுனி வழியாக, நரம்பு வழியாக அந்த நடுக்கம் கீழே போயிற்று. மறு விநாடி யாரோ தண்ணீருக்குள்ளிருந்து கம்பைப் பிடித்து இழுத்தார்கள். என் வாழ்க்கையின் முதல் மீன். பச்சை உடம்பு, அவ்வளவு பெரிய வாய். என்னைப் பார்த்து அதுவும், அதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தோம்.

கேரி முள்ளை எடுத்துவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டு, என் கையையே பார்த்தார். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். ஊரில் என்றேன். எந்த ஏரி என்றார்.

வாயில் வந்தது உக்கடம் குளம். கோயமுத்தூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். அந்தக் குளத்தை நான் நாற்றம் தாங்காமல் பஸ் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் கடந்திருக்கிறேன். கேரி அந்தப் பெயரைப் பயபக்தியோடு இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் கை ஆட்டலுக்கு "உக்கடம் ஷேக்" என்று பெயரும் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்புவது உங்கள் இஷ்டம். டீமை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார், ஒரு மீன். டெட்லைன் தவறினால் என்ன செய்வாய், இன்னொரு மீன். விசா எதுவரை இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கு மாட்டியதிலேயே பெரிய மீன் அதுதான்.

கேரிக்கு ஒன்றும் மாட்டவில்லை.

அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. நான் கோயமுத்தூரில் வேலை பார்த்த ஆபீஸில் மேனேஜரோடு ஷட்டில் ஆடுவோம். எல்லாரும் தோற்போம். அது விளையாட்டு இல்லை, மரியாதை. விவரம் தெரியாத ஒருத்தன் அவரை நேர்செட்டில் ஜெயித்தான். அடுத்த மாதம் அவனைத் தர்மபுரி பிராஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே மேனேஜரின் படகில், மேனேஜரின் தூண்டிலில், மேனேஜரின் புழுவை வைத்து நான் மேனேஜரைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறேன்... இது உருப்படுகிற வழியா?

பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் எங்கே மாட்டிவிடுமோ என்று பதற்றம். பதற்றத்தில் நடுக்கம். நடுக்கத்தில் மீன். மாட்டியதைப் பார்த்ததும் இன்னும் நடுக்கம். ஒரு கட்டத்தில் கம்பைப் படகின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் கம்பில் பட்டுக்கொண்டிருந்தது. முழங்காலும் நடுங்கியது. முழங்காலுக்கும் ஒரு மீன் மாட்டியது.

கேரி தன் கம்பைக் கீழே வைத்தார். சாண்ட்விச்சை எடுத்தார். நான் சுமதி கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி மென்றார். போயிற்று என்று நினைத்தேன். சோபாவில் பாஸ்கர் கால் நீட்டிப் படுத்திருப்பதுகூடக் கண்ணில் தெரிந்தது.

சாதத்தை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம் என்றார். இவ்வளவு நிதானமான கை உள்ளவனைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். இப்படிப்பட்டவன் அவசரப்பட்டு எந்த சிஸ்டத்தையும் கெடுக்க மாட்டானாம்.

"யூ ஹேவ் தி ஜாப்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டில் பிரித்து வைத்த பாத்திரமெல்லாம் அலமாரிக்குத் திரும்பும், மகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவாள். உடம்பில் எங்கெங்கோ இறுகியிருந்தது எல்லாம் தளர்ந்தது. கையும்தான்.

அன்று மாலைவரை அப்புறம் ஒரு மீன்கூட என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பாஸ்கருக்குப் போன் செய்து சொன்னேன். காங்கிராட்ஸ் சார் என்றார், இழவு வீட்டுக் குரலில். எத்தனை மாசம் காண்ட்ராக்ட் என்று அடுத்துக் கேட்டார். ஏஜென்சிக்காகக் கேட்டாரா, சோபாவுக்காகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. கேரி வேலை கொடுத்தது எனக்கு மட்டுமில்லை, உக்கடம் ஷேக்குக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்கு வரச் சொன்னார். போனேன். வேலை இருக்கிற மனுஷனுக்குக் கை எங்கே நடுங்கும்? வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தேன். வாத்துதான் நகர்ந்து போனது. ஒருநாள் கேரியின் நண்பர்கள் இரண்டு பேர் உக்கடம் ஷேக் பார்க்கவென்று தனிப் படகில் வந்து, பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். தண்ணீர் சூடாகிவிட்டது, நிலா சரியில்லை என்று கேரி காரணம் தேடிக்கொண்டே இருந்தார். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம்வரை ஒன்றுமில்லை. கேரி காபியை ஊற்றிக்கொண்டே, ஏரியைப் பார்த்தபடி, ஹெட் ஆபீஸில் காண்ட்ராக்ட் ஆட்களைக் குறைப்பதாகப் பேச்சு அடிபடுகிறது என்று சொன்னார்.

என் கம்பின் நுனியைப் பார்த்தேன். மெல்ல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்... அப்புறம் சடக்கென்று ஒரு இழுப்பு.

ஐந்து மீன். ஐந்தாவதைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவர் என் தோளில் தட்டினார். ஆள் குறைப்பெல்லாம் ஒன்றும் கிடையாதாம். தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம், சும்மா சோதித்துப் பார்த்தாராம். அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடு என்றார், அதே போட்டோச் சிரிப்போடு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுமதியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மகள் மட்டும் சிரித்தாள், "டாட், தட்ஸ் சோ மீன்" என்றாள். சுமதி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மீனையாச்சும் அப்பவே திருப்பி வுட்டுட்டாருங்க," என்றாள். "உங்கள எப்ப வுடுவாராமா?"

போய் சோபாவில் உட்கார்ந்தேன். இன்னும் எங்களுடையதுதான்.