‘சிகிச்சை முடித்தவர்’ என்றொரு கட்டம்

மண்டல சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமும் சுவரையொட்டி உட்கார்ந்திருந்த அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. அரசுச் செலவில் நடக்கும் ஒன்பது குடி, போதை சிகிச்சை மையங்களிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் விவரங்களைச் சரிபார்த்து ஒரே பட்டியலாக்குவது அவள் வேலை. ஆண்கள் நாற்பது, பெண்கள் ஆறு, மொத்தம் நாற்பத்தேழு என்று ஒரு மையம் எழுதிவிட்டால் தீர்ந்தது. மிச்சமிருக்கும் அந்த ஓர் ஆள் ஆணா பெண்ணா என்று தெரியும்வரை ஃபோனைக் கீழே வைக்கமாட்டாள். அவள் குரலைக் கேட்டாலே மையத்துக்காரர்கள் தாளை எடுத்து மறுபடி கூட்டத் தொடங்குவார்கள்.

அந்தப் படிவமும் அவள் கைவேலைதான். பதினோரு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் உட்கார்ந்து வரைந்தது. சிகிச்சைக்கு வருபவரின் பெயர் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதனால் தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தாயின் பெயரில் முதல் எழுத்து மூன்றையும் சேர்த்து ஆளுக்கொரு குறியீடு வைத்தாள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் இரண்டு கட்டங்கள்: ‘சிகிச்சை முடித்தவர்’, ‘இடையில் நின்றவர்’. இதில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் மேல் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வருடம் மேலிடம் ஓர் உத்தரவு போட்டது. கடந்த மூன்று வருடத்தில் முடித்தவர் விகிதம் எந்த மையத்தில் மிகக் குறைவோ, அதை மூடிவிட வேண்டும். பட்டியலக்கா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒன்பதில் பெரிய மையத்தில் நூற்றுக்கு எண்பத்தொருவர் முடித்திருந்தார்கள். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, லாண்டரிக்குப் பின்னால் இரண்டு அறையில் நடக்கும் சின்ன மையத்தில் முடித்தவர்கள் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர்தான். மூடப்போவது எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதுதான் பட்டியலக்காவுக்கு இடி. அவளுடைய தம்பி பதினான்கு மாதமாக வியாழக்கிழமைதோறும் போய்வருவது அந்தச் சின்ன மையத்துக்குத்தான். அதற்கு முன் பெரிய மையத்தில் மூன்று முறை படுத்து எழுந்தான். மூன்று முறையும் மாதம் திரும்புவதற்குள் பாட்டிலும் கையுமாக நின்றான். இன்னொரு முறை குடித்தால் கல்லீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சின்ன மையம் போய்விட்டால் அவன் போக வேறு இடமில்லை. ஆனால் இதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது? அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில் என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் சிந்தாமல் சிதறாமல் செய்தவள் அவள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், என்ன தோன்றியதோ, மூன்று வருடப் பட்டியலையும் குறியீட்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். அதுவரை மைய வரிசையில்தான் அடுக்குவாள். பெரிய மையத்தின் தாள்களில் ஒரே குறியீடு இரண்டு தரம், நான்கு தரம், ஏழு தரம் வந்தது. ஒவ்வொரு தரமும் ‘முடித்தவர்’. பதினான்கு நாள் கழித்துக் கட்டில் காலியானால் அங்கே டிக் அடித்துவிடுவார்கள். சின்ன மையத்தில் ஒரு வருடம் வாராவாரம் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. மூன்று வாரம் வராவிட்டால் ‘இடையில் நின்றவர்’ என்று எழுதுவார்கள். வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தம்பியின் குறியீடும் இருந்தது. பெரிய இடத்தில் மூன்று வெற்றி, சின்ன இடத்தில் ஒரு தோல்வி. நடுவில் மூன்று வாரம் போகாததுதான் அந்தத் தோல்வி; அதற்குப் பிறகு திரும்பச் சேர்ந்தவன் ஒன்பது மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. ஆட்களை எண்ணாமல் வரிகளை எண்ணும்படி படிவம் போட்ட புத்திசாலி தான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் அவள் புதுப் பட்டியலை நீட்டியதும், பெரிய மையத்தின் மேலாளர் சிரித்தார். ஒரே எழுத்தும் ஒரே பிறந்த தேதியும் பத்துப் பேருக்கு இருக்காதா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. இயக்குநரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவர் சொல்றது சரிதானேம்மா. இவங்கெல்லாம் ஒரே ஆளுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு கேக்கவும் முடியாது நம்மால.”

பட்டியலக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். இதில் ஒருவர் வாய்க்குப் போனால் போதும், சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். பேசாமல் உட்கார்ந்தால் கௌரவம் மிஞ்சும்.

“மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது சார். நாலாவது பக்கத்துல மூணு தரம் முடிச்சவன்னு இருக்கே, அது என் கூடப்பொறந்த தம்பி. மூணு தரமும் நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். ஒரு தரம்கூட எதுவும் முடியல.”

மேலாளர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். ஒன்பது மையங்களிலும் தலைகளை எண்ணி முடிக்கும்வரை எதையும் மூடவேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று இயக்குநர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவள் அவருக்கு நன்றியோடு இருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது தம்பி ஜன்னல் கொக்கிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்ற பயம் அவளுக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டுத் திரும்பினான்.

“எல்லார் முன்னாடியுமா சொன்ன?”

“ஆமாடா.”

“அப்போ வியாழக்கிழம நான் உங்க ஆபீஸ் ஸ்டாப்புலயே எறங்கலாமாக்கா?”

அவளுக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். அவளோடு வேலை செய்பவர்கள் யாராவது பார்த்து, முகஜாடையை வைத்துக் கேட்டுவிடக்கூடாதே என்று, இத்தனை நாளும் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிச் சந்து வழியாகத் திரும்பி நடந்து மையத்துக்குப் போயிருக்கிறான். மழையிலும் அப்படித்தான்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “எறங்குடா,” என்றாள். “நான் கீழ வந்து நிக்கிறேன்.”