ஆயில் சீல் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

அப்பா ஓட்டிய டாக்ஸி எங்களுடையது அல்ல. செம்பூரில் இருந்த ஒரு சேட்டுடையது. அறுபதுகளில், நாங்கள் தாராவியில் குடியிருந்தபோது, அந்த வண்டி நின்ற இடத்திலெல்லாம் கறுப்பாக எண்ணெய்ச் சொட்டு வைத்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அப்போதும் ஒழுகினால் வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சேட் சொல்லிவிட்டார். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எஞ்சினின் முன்பக்கத்தில், பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். அது தேய்ந்துபோயிருந்தது. கராஜில் விட்டால் அரை நாளில் மாற்றித் தந்துவிடுவார்கள். அப்பா கேட்கவில்லை. "அவனுவ கை வச்சா இருக்க வண்டியும் கெட்டுப்போவும்" என்று சொல்லிப் புது சீல் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். துணைக்கு என்னை மட்டும் வைத்துக்கொண்டார். நான் அப்போது நான்காம் வகுப்பு.

சாமான் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்று நினைத்துப் போனேன். அங்கே நடந்ததோ பரீட்சை. ஸ்பானரை என் முகத்துக்கு நேரே நீட்டி நம்பரைப் படிக்கச் சொன்னார். ரேடியேட்டரையும் அந்த பெல்ட் சக்கரத்தையும் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்ததும், உள்ளே தெரிந்த இரும்புத் தண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுட்டி. முடியளவு கீறல் இருந்தாலும் ஒழுவும்."

அழுக்கு எது, கீறல் எது என்று எனக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அப்புறம் என்னை விட்டுப் போகவே இல்லை.

புது சீலைப் பலகைத் துண்டு வைத்துத் தட்டி இறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அது தெறித்துத் தரையில் விழுந்தது. அது இல்லாவிட்டால் சீல் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்காது.

அப்பா முழங்காலிட்டுத் தரையைத் தடவினார். சுருள் அவர் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. கை அதைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இந்தா கெடக்குல்லாப்பா!" என்றேன்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

சர்ச்சிலிருந்து திரும்பிய அம்மா வெள்ளைச் சேலையோடு சந்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார். நான் சாக்கில் படுத்து அடியில் பார்த்தேன். "சொட்டுதா? சொட்டுதா?" என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்து, இல்லை இல்லை என்றேன்.

செம்பூருக்குப் புறப்படும்போது, சும்மா தானும் வருவதாக அம்மாவும் ஏறிக்கொண்டாள். சேட் வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடியது. நாங்கள் மூவரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு சொட்டு விழுந்தது. எனக்கு அழுகை முட்டியது. நான் பார்க்கத் தவறிய கீறல்தான் என்று முடிவே செய்துவிட்டேன். சேட் குனிந்து விரலால் தொட்டார், மோந்து பார்த்தார்.

"பானி," என்று சிரித்தார். ரேடியேட்டர் தண்ணீர். "டீக் ஹை, காடி லே ஜாவ்." வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது என்பது அடுத்த வருஷம் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை பிழைத்தது என்பதும், அப்படியும் அம்மாவின் முகம் தெளியவில்லை என்பதும்தான்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே வந்தாள். "முன்னால கைவண்டி போவுது. எடது பக்கம் ஒருத்தன் சைக்கிள தள்ளிட்டு வாரான். செவப்பு வெளக்கு, நில்லுங்க."

வண்டி ஓட்டத் தெரியாதவள் எதற்காக இப்படித் தொணதொணக்கிறாள், அப்பா எந்த நிமிஷம் எரிந்து விழப்போகிறாரோ என்று பின்சீட்டில் நான் பயந்துகொண்டே வந்தேன். அப்பா அவள் சொல்லச் சொல்ல ஓட்டினார்.