பந்தலுக்குப் போன பச்சை மூங்கில்

என் அப்பா சாகத் தயாராகிச் சில வருடங்கள் ஆன பிறகுதான் அவரை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனேன். எழுபதுகளின் கடைசி அது. மலைமேல் ஒரு சின்ன ஊரில் எனக்கு டீச்சர் வேலை. அம்மா போன பிறகு அப்பா கணியம்பாடி வீட்டில் தனியாகக் கிடந்தார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, கைக்கெட்டும் தூரத்தில் டானிக் பாட்டில். "இந்தத் தை தாண்டாதும்மா" என்பார். ஒவ்வொரு தையும் அவரைத் தாண்டவைத்து விட்டுத்தான் போனது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு என் வாய்தான் காரணம் என்று வேலூரில் இருக்கும் அண்ணன் சொல்வான். அந்த வாயைக் கொண்டுதான் அப்பாவைக் கிளப்பினேன். "சாகறதுதான் சாகறீங்க, காத்தோட்டமா மலைமேல வந்து சாவுங்க நைனா" என்றேன். கோபித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சாமை அறுப்பு மாதங்களில் இளசுகள் எல்லோரும் மேட்டுக் கொல்லைகளில் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். ஊரில் மிஞ்சுவது கிழவர்களும் கிழவிகளும்தான். அவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை. ஒருவர் சாமை கொண்டுவருவார், ஒருவர் கீரை, ஒருவர் புளி. எதுவும் இல்லாதவர் விறகு பொறுக்கிவர வேண்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிட மட்டும் யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. விடிந்ததும் பள்ளத்து வீட்டுக் கிழவி, "ஓ...ஓய்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அடுத்த வீட்டுக் கிழவர் பதில் குரல் கொடுப்பார். பிறகு அதற்கு அடுத்த வீடு. இப்படிக் குரல் வீடு வீடாக மேடேறி ஊர்க்கோடி வரை போகும். குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் எல்லோரும் அந்த வீட்டுக்கு ஓடுவார்கள்.

அப்பா வந்திறங்கிய அன்றே மேல்வீட்டுக் கிழவர் வந்து முறை சொல்லிவிட்டுப் போனார். "கீழ்வூட்ல கூவுனதும் நீ கூவணும்ணா. உனக்கப்புறம் நானு."

"நான் இன்னா கோழியா?" என்றார் அப்பா, அவர் போன பிறகு. ஆனாலும் மரியாதைக்காக தினமும் ஜன்னல் வழியே இருமல் மாதிரி ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரும் அதைக் குரலாக ஏற்றுக்கொண்டது. சமையலுக்கு மட்டும் போகமாட்டார். நான் வடித்துவைத்த கஞ்சியை ஈஸி சேரில் சாய்ந்தபடி குடித்துவிட்டு, பழைய பேப்பரைப் படித்துக்கொண்டு கிடப்பார்.

ஒருமுறை ஆசிரியர் கூட்டத்துக்காக நான் வேலூர் போய் ஓர் இரவு தங்கவேண்டி வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தேன். இறங்கும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் வாசலில் ஊர்க் கிழவர்கள் மொத்தப் பேரும் கூடி நின்றார்கள். மேல்வீட்டுக்காரர் பச்சை மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பச்சை மூங்கிலை அவசரமாகப் பிளப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

பையை அங்கேயே போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினேன். பள்ளத்து வீட்டுக் கிழவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொரலு வர்லம்மா. தட்டித் தட்டிப் பாத்துட்டோம், கதவும் ஜன்னலும் உள்தாழ்ப்பா போட்டுக்கீது. பெத்த பொண்ணு வராம கதவ ஒடைக்கக்கூடாதுன்னு நிக்கிறோம்."

கதவைக் கடப்பாரையால் நெம்பினோம். உள்ளே அப்பா குல்லாவோடும் காதுப் பஞ்சோடும் மல்லாந்து கிடந்தார். மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. நான் இல்லாத தைரியத்தில் தூக்க மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார். உலுக்கிய உலுக்கலில் எழுந்து, கூட்டத்தையும் மூங்கிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

மேல்வீட்டுக் கிழவர் சொன்னார். "உனக்குத்தாண்ணா. இப்ப வெட்டுன மூங்கில இன்னா பண்றது? வூட்டுக்குத் தூக்கினு போவக்கூடாதே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன். அழுகையும் வந்தது. பள்ளத்து வீட்டுக் கிழவிக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஆரம்பித்ததும் கூட்டமே சிரித்தது. கடைசியில் சிரித்தவர் அப்பா. அம்மா போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பாடைக்கு வெட்டிய மூங்கிலை அடுப்பில் வைக்கக்கூடாது, திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது என்றார்கள். கிழவி தீர்ப்பு சொன்னாள். "பந்தலு போடு. அவர வெத நான் தர்றேன். காய்ச்சா பானைக்கு ஆவும்." அப்படியே எங்கள் வீட்டோரம் அவரைப் பந்தல் எழுந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அப்பாவுடையது. வேலை செய்தவன் சாப்பிடத்தானே வேண்டும்? பொதுப் பானைக்கும் போக ஆரம்பித்தார். சாமைச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, தாலுகா ஆபீஸ் கதைகளை அளப்பார். மற்றவர்கள் மலைக் கதைகளை அளப்பார்கள். யார் பொய் பெரியது என்று சண்டை வரும். குல்லாவும் காதுப் பஞ்சும் எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. காலைக் குரல் மட்டும் இருமலிலிருந்து வளர்ந்து, பள்ளிக்கூட மணியைத் தோற்கடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அண்ணனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உசுரோட கீற மனுசனுக்குப் பாடை கட்டுற ஊர்ல நைனாவ வெச்சினுகீறியா?" என்று கார்த்திகையில் ஜீப்போடு வந்துவிட்டான். வேலூரில் டாக்டர் பக்கத்துத் தெரு, மின்விசிறி, வெந்நீர் எல்லாம் உண்டு. அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. அப்பா ஜீப்பில் ஏறும்போது பந்தலில் பூ விட்டிருந்தது. குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை படுத்தபடி கேட்டேன். பள்ளத்திலிருந்து குரல் கிளம்பி மேடேறி வந்தது. கீழ்வீடு கூவியது. பிறகு ஓர் இடைவெளி, ஒரு குரல் கொடுக்கிற நேரத்துக்கு. அதன் பிறகே மேல்வீட்டுக் கிழவர் கூவினார். அன்று மட்டுமல்ல, தினமும் அப்படித்தான். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அந்த இடைவெளியில் நானே கூவிவிட்டேன். மேல்வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து சண்டை போட்டார்.

"நீ இன்னாத்துக்கு டீச்சரு கூவுற? இது கெழவங்க மொற."

"அவரு வரமாட்டாரு. வுட்டுட்டு நீங்க கூவுங்க."

"எடத்த மூடிட்டா, வர்ற மனுசன் எங்க நிப்பாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அரையாண்டு லீவில் வேலூர் போனேன். அப்பா மின்விசிறிக்கடியில் சாய்ந்திருந்தார். அண்ணி பழச்சாறு பிழிந்து வைத்திருந்தாள், நல்லவள். "இந்தத் தை தாண்டாதும்மா" என்றார் அப்பா. அந்தப் பழைய வாக்கியத்துக்கு முதல் தடவையாகப் பயந்தேன்.

"நைனா, உங்க எடத்துல இன்னும் நிறுத்தித்தான் கூவறாங்க" என்றேன்.

அவர் பழச்சாறு டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "அவரைக்கு யாரு தண்ணி ஊத்தறா?" என்று கேட்டுவிட்டு எழுந்து சட்டையைத் தேடினார்.

அண்ணன் குறுக்கே நின்றான். "அங்க டாக்டர் கீறாரா? திடீர்னு ஒண்ணு ஆனா?"

"இங்க எனக்கு ஒண்ணு ஆனா, நீ சாயங்காலம் ஆபீஸ் வுட்டு வந்தாத்தான்டா தெரியும்" என்றார் அப்பா. "அங்க விடியறப்பவே தெரிஞ்சுடும். ஊரே வந்து நிக்கும்."

அண்ணனே எங்களைப் பஸ் ஏற்றிவிட்டான். ஊர் அடங்கிய பிறகு போய்ச் சேர்ந்ததால் யாருக்கும் நாங்கள் வந்தது தெரியாது.

விடிந்தது. பள்ளத்துக் கிழவி கூவினாள். குரல் வீடு வீடாக ஏறி வந்தது. அப்பா குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் தயாராக நின்றார். கீழ்வீடு கூவியதும், வழக்கமான அந்த இடைவெளிக்குள் அப்பாவின் "ஓ...ஓய்!" போய் விழுந்தது. மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அடுத்து மேல்வீட்டுக் கிழவர் கூவவேண்டும். குரல் வரவில்லை. காத்திருந்தோம். மறுபடியும் வரவில்லை.

அப்பா மேட்டைப் பார்த்துக் கத்தினார். "இன்னாப்பா, மூங்கிலு வெட்டட்டுமா?"

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பாதி கூவல், பாதி அழுகை.