விசில் வராமல் பின்னால் எடுக்கக் கூடாது

“எல்லாம் சரி தம்பி. நான் இங்க ஒக்காந்து வண்டியப் பின்னாடி எடுத்தா, அங்க நின்னு யாரு பாப்பாங்க?”

குட்டி டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்தை முடிந்த மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு கண்டக்டர் கேட்டார். விற்பனையாளரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு. எத்தனை குதிரைத்திறன், டீசல் எவ்வளவு குடிக்கும், எந்தக் கருவியை எந்த கியரில் ஓட்ட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் தன் டையைச் சரிசெய்துகொண்டார். அன்று அந்தக் கடையில் இதற்குப் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை. இதை எழுதுகிறவருக்கும் அப்போது தெரியாது.

“கண்ணாடி இருக்குங்கய்யா, ரெண்டு பக்கமும்.”

“கண்ணாடி பாக்கும் தம்பி. சொல்லுமா?”

அவர் பேருந்திலிருந்து ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் உடம்பு இன்னும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. ஆடாத தரையிலும் கால்களை அகட்டித்தான் நிற்பார். பேசும்போது ஒரு கை தானாக மேலே போய், இல்லாத கம்பியைத் தேடும். கடையில் கொடுத்த விளம்பரத் தாள்களை நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டு செருகுவது போல விரலிடுக்கில் செருகிக்கொள்வார். வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும். “உள்ள எடம் இருக்கு, தள்ளிப் போங்க” என்று சொல்லிவிட்டு, பிறகு தானே வெட்கப்படுவார். வேலையை விட்டபோது சீருடையையும் தோல்பையையும் திருப்பிக் கொடுத்தார். விசில் அவர் சொந்தமாக வாங்கியது. அது கறுப்புக் கயிற்றோடு இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

“ஆயுசு முழுக்க ஓடுற எடத்துல நின்னுட்டேன். இனிமே ஓடாத எடத்துல ஒக்காரணும்.” அப்படிச் சொல்லித்தான் ஊருக்கு வெளியே அந்தச் சின்ன நிலத்தை வாங்கினார். சொன்னது அவர். தேடித் தேடி நிலத்தைக் கண்டுபிடித்தது அவருடைய மனைவி. முன்னால் வெறும் தரை, பின்னால் வரிசையாகப் பழமரங்கள், நடுவில் இரண்டு அறைகள் கொண்ட ஓட்டு வீடு. முதல் வருடம் இருவரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். இரண்டாம் வருடம் மகளுக்குப் பிரசவம். மூன்றே மாதம் என்று ஒரு கைப்பையோடு பெருநகரத்துக்குப் போன மனைவி, பேரன் நடக்கட்டும் என்று இருந்தார். நடந்தான். பேசட்டும் என்று இருந்தார். பேசினான். பிறகு அவனுக்கு ஒரு தம்பி பிறந்தான்.

வாசல் ஓரத்தில் மனைவியின் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. தேள் நுழைந்துவிடக் கூடாது என்று அதைத் தலைகீழாக ஒரு குச்சியில் மாட்டி வைத்திருக்கிறார். மழை பெய்தால் தன் செருப்பை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுத்து உள்ளே வைக்கிறார்.

ஒற்றை ஆளாக மண்வெட்டியால் அந்த நிலத்தோடு மல்லுக்கட்ட முடியவில்லை. “இந்தக் கோடிய முடிச்சுட்டுத் திரும்பினா, அந்தக் கோடி என்னப் பாத்துப் பல்ல இளிக்குது” என்பார். ஒருமுறை பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டார். கப்பலை வாய்க்காலில் விட்டது போல அது மரங்களுக்கிடையே மாட்டிக்கொண்டு, இரண்டு மரங்களின் பட்டையை உரித்துவிட்டுப் போனது. களை இடுப்பளவுக்கு வளர்ந்த பிறகு மகள் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “அப்பா, இந்த மழைக்குள்ள நெலத்தச் சரி பண்ணுங்க. முடியலன்னா வித்துட்டு இங்க வந்துடுங்க. பிடிவாதம் பிடிக்காதீங்க.” அவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் யோசித்தார். நிலத்தை விற்றுவிட்டால், மனைவி திரும்பி வருவதற்கு என்று ஓர் இடமே இருக்காது.

அதனால்தான் அவர் டிராக்டர் கடைக்கு வர ஆரம்பித்தார். மரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்குச் சரியாக ஒரு மூங்கில் கழியை வெட்டிக்கொண்டு, பேருந்தில் வந்து இறங்குவார். “லக்கேஜ் டிக்கெட் போடவா சார்?” என்று புதுக் கண்டக்டர் கிண்டல் செய்தால், “போடு, ரூல்னா ரூல்தான்” என்று காசை நீட்டுவார். கடையில் ஒவ்வொரு குட்டி டிராக்டரின் பின்னாலும் குனிந்து, சக்கரத்துக்குச் சக்கரம் கழியை வைத்துப் பார்ப்பார். கழியைத் தாண்டி டயர் துருத்தினால் அந்த வண்டி வேண்டாம். அப்படி ஒன்று போனது. இரண்டு மிஞ்சின.

முன்னால் மண் அள்ளும் வாளியை மாட்டிவிட விற்பனையாளருக்கு ஆசை. “வாளி இருந்தா எல்லா வேலைக்கும் ஆகும்யா. என்ன, முன்னாடி பாரம் ஏறினா பின்சக்கரம் லேசாயிடும். பின்னாடி தனியா எடைக்கட்டி மாட்டிக்கணும்.”

“அதாவது முன்னாடி கூட்டம் சேந்துடும், பின்னாடி போங்கன்னு நான் கத்தணும். அந்த வேலைய விட்டுட்டுத்தான தம்பி வந்திருக்கேன்.”

வாளி வேண்டாம் என்று முடிவாயிற்று. புதரை வெட்டித் தள்ள ஒரு சுழல்கத்தி, மண்ணைக் கிளறிப் பொடியாக்க ஒரு சின்ன ரோட்டவேட்டர், பழக்கூடை ஏற்ற ஒரு குட்டி டிரெய்லர். டிரெய்லர் மனைவியின் உத்தரவு. தினமும் மாலையில் பேரன்கள் டிவி பார்க்கும் நேரத்தில் மனைவி தொலைபேசியில் பேசுவார். அன்றன்றைக்குக் கடையில் பார்த்ததைக் கண்டக்டர் ஒப்பிப்பார். “ஏங்க, பழத்தத் தலையில வெச்சா சுமக்கப் போறீங்க? வண்டி ஒண்ணு மாட்டச் சொல்லுங்க.” பேசி முடிக்கும்போது கண்டக்டர், “போலாமா?” என்பார். அந்தப் பக்கத்திலிருந்து மனைவி, “ரைட்” என்பார். அதற்கப்புறம்தான் தொலைபேசியை வைப்பார்கள்.

ஓட்டிப் பார்த்த நாளில்தான் வேடிக்கை. ஆயுள் முழுக்கப் பேருந்தில் இருந்தவருக்கு ஓட்டத் தெரியாது என்பதைக் கடையில் நம்பவே மாட்டேன் என்றார்கள். மெக்கானிக் பக்கத்தில் நடந்தபடியே சொல்லிக் கொடுத்தார். முன்னால் போகும்போது பிழையில்லை. கடைக்குப் பின்புறக் களத்தை அழகாகச் சுற்றி வந்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டதும் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

“கிளட்ச விடுங்க பெரியவரே.”

“நீங்க சொல்லுங்க.”

“அதான் சொல்றேனே, விடுங்க!”

“அப்படியில்லீங்க. விசில் வராம பின்னாடி எடுக்கக் கூடாது. ரூலு.”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, விசிலை வாங்கித் துடைத்து ஊதினார். டிராக்டர் ஒரு குழந்தையைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னால் வந்தது.

கருவியை மாட்டுவது அதைவிடப் பெரிய பாடு. டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு தண்டு. கருவியில் மூன்றையும் மூன்று இடத்தில் பூட்ட வேண்டும். வண்டி ஒரு விரற்கடை தள்ளி நின்றாலும் பூட்டும் ஆணி உள்ளே போகாது. தனியாக இருந்தால் இறங்கிப் பார்த்து, ஏறி நகர்த்தி, மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் ஒருவர் நின்று, “வா, வா, இன்னும் கொஞ்சம், போதும்” என்று சொன்னால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும்.

“தனியாளா இருந்தா இத வாங்கிக்கங்கய்யா” என்று விற்பனையாளர் ஓர் இரும்புச் சட்டத்தைக் காட்டினார். மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. “குயிக் ஹிட்ச். வண்டியில இத மாட்டிட்டா, சீட்ல இருந்தே கருவியக் கவ்விக்கும். இன்ஜின்லேருந்து கருவியச் சுத்த வெக்கிற தண்ட மட்டும் எறங்கிப் பூட்டினா போதும். பின்னாடி ஆளே வேணாம்.”

கண்டக்டரின் முகம் சுருங்கியது. “தனியாள்னு யாரு சொன்னா? வீட்ல இருக்காங்க.”

“இருக்காங்களா?”

“வருவாங்க.”

சட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். அது விலையைப் பற்றிய விஷயமல்ல என்பது விற்பனையாளருக்கே புரிந்தது.

மிஞ்சிய இரண்டு வண்டிகளில் எது என்று முடிவெடுக்க முடியாமல் நாட்கள் ஓடின. மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. ஒரு மாலை மனைவி கேட்டார்: “ஏங்க, ஏறுறதுக்குப் படி இருக்கா? படி தாழ்வா இருக்கான்னு பாத்து வாங்குங்க.”

அந்த இரவு கண்டக்டர் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சும்மா இரண்டு அறைகளிலும் நடந்தார். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. படி கேட்கிறார் என்றால் ஏறப் போகிறார் என்று அர்த்தம். ஏறப் போகிறார் என்றால் வரப் போகிறார். மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். “எங்க வீட்ல படி கேக்குறாங்க தம்பி” என்று, கல்யாணச் செய்தி சொல்வது போலச் சொன்னார். ஒரு வண்டிக்குத் தாழ்வான படியும் பக்கத்தில் பிடிமானமும் இருந்தன. அதையே முடிவு செய்தார். பூட்ஸைக் குச்சியிலிருந்து எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்தார். வண்டிக்கு முன்பணம் கட்டிய மாலையில் தொலைபேசியில் சொன்னார்:

“படி வெச்சதாவே எடுத்துட்டேன். நீ ஏறலாம். முட்டி வலிக்காது.”

அந்தப் பக்கம் மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“எனக்கா? அட, உங்களுக்குத்தாங்க கேட்டேன். நாள் பூரா தனியா ஏறி எறங்கணுமே, உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்னு.”

கண்டக்டர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“சின்னவன் இன்னும் என்ன விட்டா தூங்க மாட்டேங்குறான். நம்ம பொண்ணும் வேலைக்குப் போயாகணும். அடுத்த வருஷம் பாக்கலாங்க.” பிறகு, அவரைச் சிரிக்க வைப்பதற்காகவோ என்னவோ, வேறொன்று சொன்னார். “இங்க நாலாவது மாடி ஜன்னல்ல நின்னா கார் நிறுத்துற எடம்தான் தெரியும். எவனாவது ரிவர்ஸ் எடுத்தா, நானே வாய்க்குள்ள வா வா வான்னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன். பெரியவன் பாத்துட்டு, பாட்டிக்குக் கிறுக்குங்கிறான்.”

அவர் சிரித்தார். சிரித்து முடித்து, “போலாமா?” என்று கேட்டார். “ரைட்” என்று சொல்ல மனைவி அன்று கொஞ்சம் தாமதித்தார்.

அடுத்த நாள் கடையில் அவர் உட்காரவில்லை. “அந்தச் சட்டத்தையும் சேத்துடுங்க தம்பி” என்றார். நான் அன்னைக்கே சொன்னேனே என்று விற்பனையாளர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டத்தைத் தானே தூக்கி வந்து, கொக்கிகளுக்கு எண்ணெய் தடவினார்.

மழைக்கு முன்பே டிராக்டர் வந்து இறங்கியது. களை விழுந்தது, மண் புரண்டது, மரங்களின் பட்டையில் ஒரு கீறலும் இல்லை. உழுத நிலத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். விற்கும் பேச்சு அதோடு நின்றது. பூட்ஸ் மறுபடி குச்சிக்கு ஏறியது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். எங்கோ ஒரு நாலாவது மாடி ஜன்னலில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா வரைக்கும் அது போய்ச் சேர வேண்டும். நிலம் நன்றாக இருக்கிறது, வண்டியின் படி தாழ்வாக இருக்கிறது என்று சொல்லுங்கள். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இப்போது கருவியைக் கவ்வ அவர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார். பின்னால் நடந்து போய், ரோட்டவேட்டருக்குப் பக்கவாட்டில் கால்களை அகட்டி நின்று, இடமும் வலமும் பார்க்கிறார். பிறகு காலி இருக்கையைப் பார்த்து விசிலை ஊதிவிட்டு, அந்தத் தாழ்வான படியில் கால் வைத்து ஏறி, விசிலுக்குக் கட்டுப்பட்டு மெதுவாகப் பின்னால் வருகிறார்.